மழை முகாம்களில் மனநலச் செவிலியரும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவமழைக்கு நீலகிரி மாவட்டம் தயாராவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மண்சரிவு அபாயம் உள்ள 283 இடங்கள், மணல் மூட்டைகள், பொக்லைன்கள், மரம் அறுக்கும் இயந்திரங்கள், நிவாரண முகாம்கள் என்று எல்லாம் விவரமாக இருந்தன. முகாமில் மருத்துவக் குழு இருக்கும் என்ற ஒரே வரியோடு வைத்திய விஷயம் முடிந்துவிட்டது. அந்தக் குழு காய்ச்சல் பார்க்கும், வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசல் கொடுக்கும், தண்ணீரில் குளோரின் கலக்கும். தேவையான வேலைதான். ஆனால் பக்கத்து வீடு கண்ணெதிரே சரிந்ததைப் பார்த்தவரிடம் உட்கார்ந்து, "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்க அங்கே பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. இந்த மலையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் அதற்குப் பிறகு பல வருஷங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்துபோனார்கள். மண்சரிவு என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கை கால் குடைச்சல், பசியில்லை என்றுதான் வருவார்கள். பிரஷர் சரியாக இருக்கும், ஈசிஜி சரியாக இருக்கும், சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் ஐப்பசி பிறந்தால் தவறாமல் வருவார். மற்ற மாதங்களில் அவரை ஆஸ்பத்திரிப் பக்கம் பார்க்க முடியாது. ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டபோதுதான் சொன்னார்: "தகரத்துல மழை சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்குது சிஸ்டர்." மழை ராத்திரிகளில் ரேஷன் கார்டு, பேங்க் புக் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, லைன் வீட்டு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசற்படியில் விடியும்வரை உட்கார்ந்திருப்பாராம். பிள்ளைகளையும் தூங்க விடமாட்டார். வீட்டில் யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. மழை வந்தால் அவள் அப்படித்தான் என்று பழகிவிட்டார்கள்.

இதைத்தான் மருத்துவத்தில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய், சுருக்கமாக பிடிஎஸ்டி, என்கிறார்கள். நடந்தது திரும்பத் திரும்பக் கண் முன்னால் வரும். கெட்ட கனவு வரும். அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்க்கத் தோன்றும். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். மனசு மரத்துப்போய்ச் சொந்தப் பிள்ளையிடம்கூட ஒட்டாது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் சிகிச்சை தேவை. ஆபத்தைப் பார்த்த எல்லோருக்கும் இது வருவதில்லை, பெரும்பாலானவர்கள் தானாகவே தேறிவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சிலருக்கு ஆறு மாதம் கழித்துக்கூட முழு நோயாக வெளிப்படும். அதற்குள் முகாமைக் கலைத்து, நிவாரணத் தொகையும் கொடுத்து, கோப்பையும் மூடியிருப்பார்கள்.

1980ல் இந்த நோய்க்கு இப்போதுள்ள பெயர் வந்தபோது வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள்தான் எல்லோர் நினைவிலும் இருந்தார்கள். வெலிங்டன் ராணுவ முகாம் இருக்கும் நம் மாவட்டத்தில் முன்னாள் ராணுவத்தினருக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே அவர்கள் மட்டுமில்லை. கூடலூர், பந்தலூரில் யானை தாக்கியதில் புருஷனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் கரடியிடம் சிக்கிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில், 1977, 1983 கலவரங்களை நேரில் பார்த்துவிட்டு வந்த குடும்பங்களும் உண்டு. டயர் எரியும் வாடை வந்தால் எழுந்து கதவைச் சாத்தும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். யானையை விரட்டப் பட்டாசு வெடிக்கிறோமே, ஊருக்கு அது பாதுகாப்பு. யானையிடம் ஆளைப் பறிகொடுத்த வீட்டில் அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று நாம் யோசிப்பதில்லை.

இதில் செவிலியருக்கு என்ன வேலை, டாக்டர் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். டாக்டர் பார்ப்பது சில நிமிஷம். ராத்திரி முழுவதும் வார்டில் இருப்பது நாங்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் கால் முறிவுக்காகச் சேர்ந்திருந்தார். அதிகாலை மருந்துக்கு எழுப்ப வந்த இளம் செவிலியர் தோளைத் தொட்டதும் அவர் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார். அடுத்த நொடியே விட்டுவிட்டு நடுங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கு வம்புக்காரர் என்று பெயர் வந்துவிட்டது, கையைக் கட்டிப்போடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. எங்கள் சீனியர் சிஸ்டர் அதைத் தடுத்து வேறு ஏற்பாடு செய்தார். கட்டிலை வாசல் தெரியும்படி திருப்பிப் போடச் சொன்னார். எழுப்பும்போது கால்மாட்டில் நின்று, தொடாமல், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "நான் நர்ஸ், நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, மணி அஞ்சு, ஊசி போடப் போறேன், சரியா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும். ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். எவர்சில்வர் டிரேயைச் சத்தம் வராமல் வையுங்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வார்டில் இருந்தவரை ஒரு பிரச்சினையும் வரவில்லை. மூன்றாம் நாள் அவரே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். கற்றுக்கொடுத்தால் போதும். பழைய காட்சிக்குள் மூழ்கிப்போனவரிடம் "பாதத்தைத் தரையில அழுத்துங்க, எதிர்ல என்னென்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்று மெதுவாக நிகழ்காலத்துக்குக் கூட்டிவரலாம். தூக்கத்துக்காகக் குடிக்கிறாரா என்று குற்றம் சொல்லும் தொனி இல்லாமல் கேட்கலாம். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பல செவிலியர்களிடம் இருக்கிறது. அந்தப் பயம் தேவையில்லை. கேட்ட பிறகுதான் பலர் வாய் திறக்கிறார்கள். இந்த நோய்க்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் "கேட்கல சிஸ்டர்" என்று ஒரே வாரத்தில் நிறுத்திவிடுவார்கள்.

செய்யக்கூடாததும் உண்டு. சம்பவம் நடந்த மறுநாளே வரிசையில் உட்காரவைத்து "என்ன நடந்தது, முழுசா சொல்லுங்க" என்று கதையைப் பிடுங்கக் கூடாது. 2013ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்றே சொல்கிறது. முதல் மாதத்தில் இந்தத் தவிப்பைக் குறைக்க டயாசிபாம் வகை அமைதியூட்டும் மாத்திரைகளைக் கொடுப்பதையும் அது பரிந்துரைக்கவில்லை. நம் ஊரில் இரண்டும் சர்வசாதாரணமாக நடக்கின்றன. முகாமில் அழுதுகொண்டிருக்கும் தாய் முன்னால் மைக்கை நீட்டுவதும் இதில் சேர்ந்ததுதான். பத்திரிகை நண்பர்கள் இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அவராக வந்து பேசினால் காது கொடுங்கள். பேசாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, குடத்தில் தண்ணீரும் கம்பளியுமாக ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எரிந்துகொண்டிருந்த மனிதர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த ஊரை ஒரு வருஷத்துக்குத் தத்தெடுப்பதாகவும், மாதந்தோறும் டாக்டரும் செவிலியரும் வந்து பார்ப்பார்கள் என்றும் அப்போது ராணுவம் அறிவித்தது. நாடே பார்த்த விபத்து என்பதால் அது நடந்தது. சேரம்பாடியில் ஒரு லைன் வீட்டுக்காரருக்கும் அதே கவனிப்பு கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஊட்டியில் 2025ல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தது பெரிய விஷயம். ஆனால் கூடலூரிலிருந்தே ஊட்டி 50 கிலோமீட்டர். பந்தலூர், சேரம்பாடி இன்னும் தூரம். ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு, தூக்கம் வரவில்லை என்று சொல்ல யாரும் மலை ஏறி வரமாட்டார்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அது பெரிய உதவிதான், ஆனால் சிக்னல் கிடைக்காத எஸ்டேட்டுகள் இங்கே எத்தனையோ. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப் போகிறார்களே, அதே ஊழியர் தூக்கத்தைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கட்டும். கிராம சுகாதார செவிலியர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும் மழைக்கு முன்பே இந்தப் பயிற்சியைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு அடுத்த மாதமே வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிடாதீர்கள். இந்த நோயாளிகள் ஒரு முகத்தை நம்பவே பல வாரங்கள் ஆகின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழிகாட்டுதலில் மனநலச் செவிலியருக்கு இடம் இருக்கிறது. பந்தலூர் வட்டத்துக்கென்று அப்படி ஒருவரைத் தனியாக நியமித்து, கிழமை குறித்து, எஸ்டேட் டிஸ்பென்சரிகளுக்கே அனுப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.