அண்ணனின் சிகிச்சை குறித்து

கும்பகோணம்

அன்புள்ள ராமலிங்கத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது என்பது வருத்தமான செய்திதான் என்றாலும், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போட்டபின் இடுப்பு வலி தணிந்து, நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை அளவும் இறங்கியிருப்பது ஆறுதலளிக்கிறது. அத்துடன் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியையும் சேர்த்தால் நோய் அடியோடு போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாய்க்கால் கரையோரத்து ஐந்து மா நிலத்தை விற்கலாமா என்று எழுதியிருக்கிறாய். விற்க வேண்டாம்.

சொன்னவர் வெறுமனே சொல்லிவிடவில்லை. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்த நோய் ஒடுங்கும் என்று அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். அப்படிக் குறைக்கும்போது, வழக்கமாக இந்தக் கட்டிக்குள் அதிகம் நுழையாத டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடுதலாக நுழைகின்றன என்பது பின்னாளில் தெரியவந்தது. அந்த நேரத்தில் அவற்றின் கடிவாளத்தையும் இம்யூனோதெரபி மருந்தால் தளர்த்திவிட்டால் நோயை இன்னும் நன்றாக ஒடுக்கலாம் என்று மருத்துவர்கள் பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் என்சலூட்டமைடு மாத்திரையுடன் அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்து, எழுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. அதே வகையைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாப் மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று, அண்ணனைப் போல நோய் ஹார்மோன் சிகிச்சைக்கு இன்னும் கட்டுப்படுகிறவர்களிடமே நடந்தது. பக்கவிளைவுகள் கூடியதே தவிர பயன் தெரியாததால், 2023-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு விலக்கு உண்டு. மரபணுப் பிழைகளைத் திருத்தும் வழி பழுதுபட்ட கட்டிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் நன்றாகவே வேலை செய்யக்கூடும். ஆனால் புரோஸ்டேட் நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குத்தான் அப்படி இருக்கும். எடுத்துவைத்த சதைத்துணுக்கிலேயே அதைச் சோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேள்.

அதைவிட முக்கியமாக, ஊசியுடன், ஆண் ஹார்மோன் உற்பத்தியை மேலும் தடுக்கும் அபிரேட்டரோன் மாத்திரை சேர்க்கலாமா என்று கேள். அந்தச் சேர்க்கை ஆயுளைக் கூட்டுகிறது என்று 2017-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. நம் நாட்டுத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. அதை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், கூடவே பிரெட்னிசோலோனும் தருவார்கள். இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் ஆகியவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும். மருந்துக் கடையில் நெடுநாள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: பழைய இரத்த அழுத்த மாத்திரைகளின் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல். ஹார்மோன் குறைந்தால் எலும்பு மெலியும் என்பதால், கால்சியம் பற்றியும் அப்போதே கேட்டுவிடு.

மருத்துவர் சொன்னதை எழுது. சம்பா நடவு முடிந்ததும் மன்னார்குடிக்கு வந்து அண்ணனைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சுந்தரமூர்த்தி