சோலார் நிலையத்துக்குக் கேட்ட ஷீல்டில் எண்ணெய்க் கிணறு: புகார் கடிதம்

அனுப்புநர்:
செயலாளர்,
விவசாயிகள் உற்பத்தியாளர் குழு,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
நினைவுப் பரிசு தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: ஒப்புக்கொண்ட டிசைனுக்கு மாறாக வந்த 40 அக்ரிலிக் ஷீல்டுகளை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் குழுவின் அரிசி ஆலைக் கூரையில் 100 கிலோவாட் சோலார் நிலையம் ஓடத் தொடங்கியதை ஒட்டி உங்களிடம் 40 ஷீல்டுகள் ஆர்டர் கொடுத்தோம். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டிவிட்டோம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் மாலைதான் பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தபின் ஒன்றைக்கூட மேடையேற்ற மனம் வரவில்லை. சால்வை மட்டும் போட்டு அனுப்பினோம்.

நாங்கள் ஒப்புதல் கொடுத்த டிசைனில் இருந்தது ஆலைக் கூரை, அதன்மேல் பேனல் வரிசை, ஓரத்தில் நெற்கதிர். வந்திருப்பதில் இருப்பதோ எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக். போனில் கேட்டதற்கு உங்கள் பணியாளர், "எரிசக்தி ஆர்டர்னா இந்த மாடல்தான் சார் போடுவோம், பெட்ரோலியம் கம்பெனிக்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். பெட்ரோலிய நிறுவனத்துக்கு அந்தப் படம் பெருமையாக இருக்கலாம். எங்கள் ஊரில் அதற்கு வேறு பொருள். 2017-இல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் கசிந்தபோது, எங்கள் உறுப்பினர்கள் பலர் அங்கே போய்ப் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள். டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டத் தடை விதிக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-இல் வந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களுக்கு, அவர்கள் நெல் விற்ற பணத்தைப் பங்காகப் போட்டு எழுப்பிய சோலார் நிலையத்தின் நினைவாக ரிக் படத்தைக் கொடுத்தால் அது அவமதிப்பு. இதைத் தவறுதலாக நடந்த சின்ன விஷயம் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியாது.

எழுத்திலும் பிழை இருக்கிறது. "100 கிலோவாட்" என்று எழுதித் தந்தோம். "100 கிலோவாட் மணி" என்று பொறித்திருக்கிறீர்கள். முதலாவது நிலையத்தின் திறன். இரண்டாவது வெறும் நூறு யூனிட் மின்சாரம். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும் என்பதால், எங்கள் நிலையம் ஒரே நாளில் 400 யூனிட் வரை கொடுக்கும். மீட்டர் இணைப்புக்காக வெயிலில் நின்று வேலை பார்த்த மின்வாரியப் பொறியாளரிடம் இந்த ஷீல்டை எப்படி நீட்டுவது? கடன் கோப்பைப் பொறுமையாகப் பார்த்து முடித்துத் தந்த வங்கி மேலாளரிடம்?

பக்கத்திலேயே தஞ்சாவூர்த் தட்டும் நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் கிடைக்கின்றன. எப்போதும் அவற்றைத்தான் வாங்குவோம். இம்முறை உங்களிடம் வந்ததற்கு ஒரே காரணம், எங்கள் வயல் நெல்லையும் ஒரு சோலார் செல் துண்டையும் அக்ரிலிக்குக்குள்ளேயே பதித்துத் தருவோம் என்று நீங்கள் சொன்னதுதான். ஈரம் இருந்தால் குமிழி வரும் என்றீர்கள். கிச்சிலிச் சம்பா நெல்லை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து அனுப்பினோம். ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட ஷீல்டுகளில் நெல்லைச் சுற்றிக் குமிழி. சிலவற்றில் நெல்லே இல்லை, நெல்லின் படம்தான் ஒட்டியிருக்கிறது. நாங்கள் அனுப்பிய நெல் எங்கே போயிற்று என்று கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை.

ஆகவே, ஒப்புதல் பெற்ற டிசைன்படி, "100 கிலோவாட்" என்ற சரியான எழுத்தோடு 40 ஷீல்டுகளையும் உங்கள் செலவில் புதிதாகச் செய்து தர வேண்டும். வார்ப்பதற்கு முன் ஒரு மாதிரியை அனுப்பி எங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற வேண்டும். அறுவடை முடிந்து நடக்கும் எங்கள் பொதுக்குழுவுக்குள் அனுப்ப முடியாது என்றால், முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரிக் படம் போட்டவற்றைப் பிரித்த பெட்டியிலேயே வைத்திருக்கிறோம். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்புதல் தந்த டிசைன், பணம் கட்டிய ரசீது, வந்த ஷீல்டுகளின் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செயலாளர்