சர்ச் பாக்ஸ்ல என்னத்தை பேஸ்ட் பண்றோம்னு பார்க்குறோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓடிபி மோசடி, போலி லிங்க், ஆதார் நம்பரை யார்கிட்டயும் கொடுக்காதீங்க, இதையெல்லாம் உங்க பேப்பர்ல அடிக்கடி போடுறீங்க, எங்கப்பா அதை கட் பண்ணி பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்காரு. ஆனா யாரும் ஏமாத்தாமலே நாமளா தினமும் எழுதிக் கொடுக்குற ஒரு இடம் இருக்கே, சர்ச் பாக்ஸ், அதைப் பத்தி யாரும் பேசுறதே இல்லை. நான் கோயம்புத்தூர்ல 11 வருஷமா சாப்ட்வேர் டெவலப்பரா இருக்கேன், எனக்கே இது ரொம்ப லேட்டாத்தான் உறைச்சுது.

ஒரு நாள் ராத்திரி பதினொண்ணரை இருக்கும், பேமென்ட் ஃபெயில் ஆகுதுன்னு போன் வந்துச்சு, தூக்கக் கலக்கத்துல லேப்டாப்பைத் திறந்து லாக்ல, அதாவது சாப்ட்வேர் தானா எழுதி வைக்கிற பதிவுல, இருந்த எரர் வரியை அப்படியே காப்பி பண்ணி பிரவுசர் அட்ரஸ் பார்ல (அதுவும் சர்ச் பாக்ஸ்தான்) பேஸ்ட் பண்ணி என்டர் தட்டிட்டேன். எங்க வேலையில எல்லாருமே இப்படித்தான் செய்வோம், எரர் வந்தா முதல்ல கை போறதே அங்கதான். அந்த வரியோட வால்ல ஒரு கஸ்டமரோட பேரும் மொபைல் நம்பரும் இருந்ததை அதுக்கப்புறம்தான் பார்த்தேன். ஹிஸ்டரியில டெலிட் பண்ணேன், டீம் லீடுகிட்ட சொன்னேன், மறுநாளே லாக்ல நம்பர் முழுசா விழாதபடி மாத்தினோம். ஆனா என் ஸ்கிரீன்ல இருந்து போயிடுச்சுங்கறதுக்காக அங்க சர்வர்ல இருந்தும் போயிடுச்சுன்னு நான் எப்படி அந்த கஸ்டமருக்கு சொல்ல முடியும்? அவர் எங்களை நம்பி நம்பர் கொடுத்தாரு, நான் அதைக் கொண்டுபோய் மூணாவது ஆள்கிட்ட கொடுத்துட்டேன்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம், என்டர் தட்டவே வேண்டியதில்லை. டைப் பண்ணப் பண்ண கீழ சஜஷன் வருது இல்லையா, அது வரணும்னா நாம அடிக்கிறது அப்பப்பவே தேடுபொறி சர்வருக்குப் போயாகணும். பாஸ்வேர்டையோ ஏபிஐ கீயையோ (ஒரு சாப்ட்வேர் இன்னொண்ணுக்குள்ள நுழையற ரகசியச் சாவி) தப்பா அட்ரஸ் பார்ல ஒட்டி, அய்யய்யோன்னு உடனே அழிச்சாலும் அது போயிருக்க வாய்ப்பிருக்கு.

ஒரு டெவலப்பரோட ஒரு மாசத் தேடலை வரிசையா வச்சுப் பாருங்க. எந்த லைப்ரரி (மத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு), எந்த வெர்ஷன், சர்வர் பேர் என்ன, எங்க இடிக்குது, கம்பெனியோட உள் விவகாரம் பாதி அதுலயே இருக்கும். அதே அக்கவுன்ட்ல ராத்திரி குழந்தைக்கு ஜுரம்னு தேடுவோம், ஹோம் லோன் வட்டி தேடுவோம், நோட்டீஸ் பீரியட் பத்தி தேடுவோம். பேர் இல்லாம நம்பர் மட்டும்தானே வச்சிருக்காங்கன்னு சமாதானம் சொல்றவங்களுக்கு 2006ல நடந்ததைச் சொல்லணும். அமெரிக்காவுல ஏஓஎல் கம்பெனி சுமார் 6,50,000 பேரோட தேடல்களை, ஏறக்குறைய 2 கோடி வரி, பேரை எடுத்துட்டு நம்பர் மட்டும் போட்டு ஆராய்ச்சிக்குன்னு வெளியிட்டுச்சு. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அந்தத் தேடல்களை மட்டும் படிச்சே ஒரு வயசான அம்மா வீட்டு வாசல்ல போய் நின்னுட்டாங்க. நாம தேடுறதே நம்ம அடையாளம்தான், பேர் தனியா எதுக்கு.

அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் டக்டக்கோவுக்கு மாறினேன், நாம தேடுறதைச் சேர்த்து வைக்க மாட்டோம்னு சொல்ற தேடுபொறி. 2008ல கேப்ரியல் வைன்பெர்க் ஆரம்பிச்சது. அங்கயும் விளம்பரம் உண்டு, ஆனா நீங்க இப்ப தேடின வார்த்தையை வச்சுத்தான் வரும், போன மாசம் தேடினதைச் சேர்த்து வச்சு இல்லை. முதல் ரெண்டு வாரம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, பழைய இடத்துல முதல் ரிசல்ட்ல கண்ணை மூடிட்டு கிளிக் பண்ணிப் பழகின கை. அப்புறம் பேங்னு ஒரு குறுக்குவழி கத்துக்கிட்டேன், ஆச்சரியக்குறி போட்டு ஆங்கில டபிள்யூ அடிச்சா நேரா விக்கிபீடியா, எஸ்ஓ அடிச்சா டெவலப்பர்கள் கேள்வி பதில் போடுற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, எம்டிஎன் அடிச்சா வெப்சைட் செய்யறதுக்கான வழிகாட்டி டாக்குமென்ட் உள்ளயே போய் தேடும். இது கைக்கு வந்ததுக்கப்புறம் வேலை முன்னைவிட வேகமா நடக்குது. ஆச்சரியக்குறியோட ஜி போட்டா கூகுளுக்குப் போகும், ஆனா போன பிறகு கூகுள் வழக்கம்போல நம்மளைப் பார்க்கும், அதைப் புரிஞ்சுக்கிட்டு போடணும்.

குறையையும் சொல்லிடறேன். தமிழ்ல தேடினா எனக்கு ரிசல்ட் கம்மியாத்தான் வருது, பக்கத்துல எந்த மெக்கானிக் கடை திறந்திருக்குன்னு தேடினாலும் அப்படித்தான், அதுக்கு இன்னமும் கூகுள் மேப்தான் திறக்கறேன். அதோட டக்டக்கோ பெரும்பாலும் மைக்ரோசாப்டோட தேடுபொறி பிங் தர்ற ரிசல்ட்டைத்தான் காட்டுது, 2024 மே 23ஆம் தேதி பிங் படுத்தப்போ இதுவும் சேர்ந்து படுத்துருச்சு. 2022ல அவங்க மொபைல் பிரவுசர் சில மைக்ரோசாப்ட் டிராக்கரை (நாம எங்க போறோம்னு பின்தொடர்ற கோடு) மட்டும் தடுக்காம விட்டதை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடிச்சு வெளிய சொன்னாரு, ஏகப்பட்ட எதிர்ப்புக்கு அப்புறம்தான் மாத்தினாங்க. அதனால கண்ணை மூடிட்டு யாரையும் நம்பச் சொல்லலை. பிரேவ் சர்ச் சொந்தமா இன்டெக்ஸ், அதாவது வெப் பக்கங்களோட பட்டியல், வச்சிருக்கு, நெதர்லாந்துல இருக்கற ஸ்டார்ட்பேஜ் நம்ம ஐபி அட்ரஸை (நெட்ல நம்ம கனெக்‌ஷனோட முகவரி) காட்டாம கூகுள் ரிசல்ட்டை வாங்கித் தருது, எது சரிப்படுதோ அதைப் பாருங்க. இன்னொண்ணு, தேடுபொறியை மாத்தினா நெட் கனெக்‌ஷன் கொடுக்கறவங்ககிட்ட இருந்தோ ஆபீஸ் லேப்டாப்பை மானிட்டர் பண்றவங்ககிட்ட இருந்தோ மறைஞ்சிட மாட்டோம், கிளிக் பண்ணிப் போற சைட்டுக்கும் நாம தெரிவோம்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் மாத்தறதில்லை? போனை வாங்கும்போதே எது இருக்கோ அதுலயே தேடிட்டுப் போயிடறோம். போன்லயும் பிரவுசர்லயும் முதல்லயே இருக்கற அந்த இடத்துக்காக மட்டும் 2021ல கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்குன்னு அமெரிக்கக் கோர்ட்டுல வெளிய வந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல நீதிபதி அமித் மேத்தா இது சட்டவிரோத ஏகபோகம்னு தீர்ப்பே கொடுத்துட்டாரு. செட்டிங்க்ஸ்ல மாத்தறதுக்கு நமக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

2017ல சுப்ரீம் கோர்ட்டுல 9 நீதிபதிகள் ஒரே குரல்ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துச்சு, பாதுகாப்பு ஏற்பாடு சரியா செய்யாத கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் போட அதுல இடமிருக்கு. கோர்ட்டும் சட்டமும் இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஆனா எனக்குத் தெரிஞ்ச ஆபீஸ்ல எங்கயும் புதுசா சேர்ற பசங்களுக்கு லாக் வரியை அப்படியே எடுத்துட்டுப் போய் தேடாதேன்னு யாரும் சொல்லித் தந்ததில்லை, எனக்கும் சொல்லலை. இப்ப என் டீம்ல சேர்றவங்களுக்கு முதல் நாளே நான் பக்கத்துல உக்காந்து அட்ரஸ் பார் சஜஷனை ஆஃப் பண்ண வைக்கிறேன், எரர்ல பேர், நம்பர், டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரியான ரகசியக் குறியீடு) எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் தேடணும்னு சொல்றேன்.

உங்ககிட்ட கேட்கறது ஒண்ணுதான். போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தேடுபொறியை எங்க மாத்தறது, சஜஷனை எங்க நிறுத்தறதுன்னு படத்தோட, எளிமையான தமிழ்ல, வெட்டி எடுத்து வைக்கிற மாதிரி கால் பக்கம் போடுங்க. எங்கப்பா பீரோ கதவுல இன்னும் இடம் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு சாப்ட்வேர் டெவலப்பர்
கோயம்புத்தூர்
(பேர் போட வேண்டாம்)