இரும்பு மனிதருக்கு நரைக்காது, துருப்பிடிக்கும்

அறிபுனைவும் மிகைபுனைவும் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கதைகளில் வரும் கல் அரக்கர்கள், உலோக வீரர்கள், ரோபோக்கள் சார்பாக ஒரு முறையீடு. ஒன்று, அவர்களுக்குச் சாகாவரம் கொடுத்துவிடுகிறீர்கள். இல்லையென்றால் கூன் போட்டு, இருமவைத்து நடக்கவிடுகிறீர்கள். நுரையீரலே இல்லாத உடம்புக்கு இருமல் எங்கிருந்து வந்தது?

உயிரில்லாததற்கு மூப்பே கிடையாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் மொழியே அதை ஒப்பாது. இரும்பு துருப்பிடிக்கிறது, செம்பு களிம்பேறுகிறது, வெள்ளி கறுக்கிறது, சுவரில் காரை பெயர்கிறது. ஆளுக்கொரு முதுமை. கதைக்குள் வந்தால் மட்டும் எல்லாருக்கும் ஒரே நரை!

எதனால் செய்த உடம்பு என்று முதலில் பாருங்கள். கருங்கல் அரக்கனின் விரிசலுக்குள் நீர் புகுந்து உறைந்தால் அந்த நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பனிக்காலம் வரவர விரிசல் ஆழமாகும். கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மெல்லக் களிமண்ணாகும். அவனுக்கு மறதி வராது, மூட்டு மண்ணாகும். சுத்தமான வெள்ளீயத்தில் வார்த்த வீரனுக்குக் குளிர்தான் எமன். சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த உலோகம் சாம்பல் நிற வடிவத்துக்கு மாறத் தொடங்கலாம். கடுங்குளிரில் அது ஒரு புள்ளியில் தொடங்கிப் பரவி, உடம்பையே பொடியாக உதிர்த்துவிடும். தொற்றுநோயேதான். ரோபோவின் கதை இன்னும் சோகம்: தகவலைச் சேமித்துவைக்கும் ஃபிளாஷ் நினைவகச் சில்லின் ஒவ்வொரு நுண்ணறையையும் இத்தனை தடவைதான் அழித்து எழுத முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. கற்கக் கற்கத் தேயும் மண்டை அது.

சாவு விஷயத்தில்தான் பலரும் நழுவுகிறீர்கள். கை ஒடிந்தால் மாற்றலாம், மின்கலம் தீர்ந்தால் மாற்றலாம், சரி. எதை மாற்றினால் அது அவன் இல்லை? அந்தக் கோட்டைக் கதை தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். கிரேக்கப் புராணத்தின் வெண்கல பூதம் டாலோஸுக்கு உடம்பு முழுக்க ஒரே ஒரு நாளம். அதைக் கணுக்காலில் ஓர் ஆணி அடைத்திருந்தது. ஆணியைப் பிடுங்கியதும் உள்ளிருந்தது வழிந்தோடி பூதம் விழுந்தது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த நம் கதைசொல்லிகளுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. நீங்களோ கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஒரு நினைவு நகலை எடுத்து வந்து எழுப்பிவிடுகிறீர்கள். எழுந்தது அவன்தானா, அவன் நினைவைச் சுமக்கும் வேறொருவனா? நான் சிந்திய கண்ணீருக்காவது பதில் வேண்டாமா?

இன்னொன்று. கதிரியக்கமுள்ள யுரேனியம்-238இன் அரை ஆயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள். ஆனால் அதன் தனி அணு எதுவும் மூப்படைவதில்லை. நூறு கோடி ஆண்டுகள் தாக்குப்பிடித்த அணுவும் நேற்று உண்டான அணுவும் அடுத்த நொடியில் சிதைவதற்கு ஒரே வாய்ப்புதான். கிழடாகவே ஆகாமல், எந்த நொடியும் செத்துப்போகக்கூடிய ஒரு பாத்திரம். அது எதற்குப் பயப்படும், எதைத் தள்ளிப்போடும்? உங்களில் யாராவது எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்