டோக்கியோ நிஷிகசாய் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு நம்மில் ஒருவர் வீட்டில் பிரியாணி. அதற்கு முந்தைய ஞாயிறு ஆற்றங்கரையில் கிரிக்கெட், இரவு இன்னொருவர் வீட்டில் தோசை. குறை சொல்லவில்லை; பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கியவனே நான்தான். ஆனால் இரண்டு நாளும் பேச்சு ஒரே புலம்பலில் வந்து நின்றது: “இந்த ஊரில் பொழுதே போவதில்லை.”

2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலை (Y2K) தீர்க்க வந்த இந்தியப் பொறியாளர்கள், தோசாய் சுரங்க ரயிலில் அலுவலகம் போய்வர எளிது என்று இங்கே வீடு பிடித்தார்கள். அவர்கள் போட்ட தடத்தில் நாமும் வந்தோம். இன்று மளிகைக் கடை, பள்ளிக்கூடம், தீபாவளி விழா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அக்கம்பக்கத்தாரின் பெயர் மட்டும் தெரியாது.

என் கதையையே சொல்கிறேன். எங்கள் தெருச் சங்கத்தின் சுற்றறிக்கை, கைரான்பான், அட்டையில் செருகப்பட்டு வீடு வீடாக வரும். இரண்டு ஆண்டுகளாக அதைப் படிக்காமலே, படித்ததற்கு அடையாளமாக முத்திரை குத்தி அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சென்ற ஜூலையில், ஜப்பானியப் பள்ளியில் படிக்கும் என் மகள் அதைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தாள். “அப்பா, பூங்காவில் உடற்பயிற்சியாம். தினமும் போனால் முத்திரை போடுவார்களாம்.”

காலை ஆறரைக்குப் போனோம். ஒரு பழைய வானொலிப் பெட்டியை பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். பியானோ ஒலித்ததும் எண்பது வயதுப் பாட்டி முதல் பல் விழுந்த சிறுவன் வரை எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. என்னுடையது மட்டும் ஒரு எண்ணிக்கை பின்னால். 1928-இல் தொடங்கிய ராஜியோ தைசோ, அதாவது வானொலி உடற்பயிற்சி இது. பயிற்சி மூன்றே நிமிடம், மொத்த நிகழ்ச்சியும் பத்து நிமிடம். ஆனாலும் எனக்கு மூச்சு வாங்கியது. முடிந்ததும் பிள்ளைகள் கழுத்தில் தொங்கிய அட்டைகளுடன் வரிசையில் நின்றார்கள். முத்திரை போட்ட முதியவர் என் மகளின் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்து, நான்காவது முறை சரியாகச் சொன்னார். என் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அதன்பின் ஊரே வேறாகத் தெரிந்தது. பக்கத்துப் பகுதியான கிட்டக்கசாயின் கியோசென் பூங்காவில் இலவச விலங்குக்காட்சி சாலை இருப்பதையும், திங்கட்கிழமை அதற்கு விடுமுறை என்பதையும் அந்தப் பாட்டிதான் சொன்னார். பொதுக் குளியலகமான செந்தோவுக்கு அழைத்துப் போனவர் முத்திரைத் தாத்தா. ஆடையின்றி நிற்க வேண்டுமே என்று கூசினேன். அங்கே யாரும் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, சிறு துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்த அந்த ஒரு நொடியைத் தவிர. துண்டு தலைமேல் இருக்க வேண்டுமாம்.

கிரிக்கெட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஜப்பானியப் பள்ளி விடுமுறை தொடங்கியபின், ஜூலைக் கடைசி வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளோடு பூங்காவுக்கு வாருங்கள். இந்தியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அட்டை கிடைக்குமா என்று தாத்தாவிடம் கேட்டுவிட்டேன், நிறைய மிச்சமிருக்கிறதாம். ஆறரை என்றால் ஆறரை, நம் ஊர் ஆறரை இல்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்