ஆசிரியரின் பாடக்குறிப்பிலிருந்தே பயிற்சி தொடங்கட்டும்

அன்புள்ள இதழாசிரியருக்கு,

வகுப்பறைத் தொழில்நுட்பம் என்றாலே பேச்சு எல்லாம் கருவிகள் வாங்குவதோடு நின்றுவிடுகிறது. வாங்கிய பிறகு அதை ஆசிரியர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒருநாள் பயிற்சி வைக்கிறார்கள். முன்னால் நிற்பவர் திரையில் வேகமாக ஏதேதோ காட்டுவார், நாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். மறுநாள் வகுப்பில் பார்வையற்ற மாணவி இருந்தால் அதில் எதுவும் கைகொடுக்காது. அவள் கணினியில் என்விடிஏ இருக்கிறது, 2006-இல் தொடங்கப்பட்ட இலவச மென்பொருள், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும். ஆனால் நாம் அனுப்புவது ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அந்த மென்பொருளுக்கு அது வெறும் படம். பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்பு என்றால் இன்னும் மோசம். நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது, அவள் காதில் எம், கே, கே, எச் என்றுதான் விழும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே கோப்பில் வைக்கும் யூனிகோடில் அடித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை! இவ்வளவு எளிய விஷயத்தை எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை.

தலைப்புகளும் அப்படித்தான். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் பார்ப்பவருக்குப் போதும். வேர்டில் உள்ள ஹெடிங் ஸ்டைலைக் கொடுத்தால்தான் அவளால் எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும், இல்லையென்றால் முழுப் பாடத்தையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். அப்புறம், காணொளியில் தானாக வரும் வசன வரிகளை அப்படியே நம்பக் கூடாது, பெயர்களும் கலைச்சொற்களும் தப்பாக வரும், காது கேளாத மாணவர் அதையே பாடமாக எடுத்துக்கொள்வார்.

ஆசிரியர் அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தையே பயிற்சிக்குக் கொண்டு வரட்டும். திரையை அணைத்துவிட்டு அதைக் காதால் கேட்கட்டும், எங்கே தட்டுகிறதோ அங்கேயே திருத்தட்டும். சொல்லிக்கொடுப்பவர் திரைவாசிப்பானைத் தினமும் பயன்படுத்துபவராக இருந்தால் ரொம்ப நல்லது. ஒரு மாதம் கழித்து அவரே திரும்பி வந்து பார்க்கவும் வேண்டும். இதெல்லாம் பணிநேரத்துக்குள் நடக்க வேண்டும், ராத்திரியில் வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்வது சரியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவே ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சி தருவதை அரசுகளின் கடமையாக வைத்திருக்கிறது.

திரைவாசிப்பானில் படிக்கும் மாணவர்களிடமே கேட்டு உங்கள் இதழில் ஒரு கட்டுரை போடுங்கள், எந்த வகைக் குறிப்பு அவர்களுக்குப் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை