அந்த வரிகளில் சக் ஜோன்ஸ் பெயரைச் சேருங்கள்: ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அகாடமி ஆளுநர் குழுவினருக்கும் அனிமேஷன் பிரிவு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் விருதுப் பதிவேட்டில் 1949ஆம் ஆண்டுப் படங்களுக்கான பகுதியை எடுத்துப் பாருங்கள். கார்ட்டூன் குறும்படப் பிரிவில் ஜெயித்தது ‘ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ்’. பக்கத்தில் ‘எட்வர்ட் செல்சர், தயாரிப்பாளர்’ என்று இருக்கிறது. ஆவணக் குறும்படப் பிரிவில் அந்த ஆண்டு இரண்டு படங்கள் விருதைப் பகிர்ந்துகொண்டன. அதில் ஒன்று பொதுச் சுகாதாரத்தைப் பற்றிய ‘சோ மச் ஃபார் சோ லிட்டில்’ என்ற கார்ட்டூன். அங்கேயும் எட்வர்ட் செல்சர்தான். இந்த இரண்டு படங்களையும் இயக்கியவர் சக் ஜோன்ஸ். 1950 மார்ச்சில் நடந்த விழாவில், ஒரே இரவில், அவர் இயக்கிய இரண்டு படங்கள் ஆஸ்கர் வாங்கின. இரண்டு வரிகளிலும் அவர் பெயர் இல்லை.

விதி அப்படி இருந்தது, தெரியும். கார்ட்டூனுக்கான சிலை தயாரிப்பாளருக்குப் போகும். முழுநீளப் படத்திலும் சிறந்த படத்துக்கான விருது தயாரிப்பாளருக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் முழுநீளப் படத்தை இயக்கியவருக்கென்று தனி விருது இருந்தது. எழுதியவருக்கு, ஒளிப்பதிவாளருக்கு, படத்தொகுப்பாளருக்கு என்று தனித்தனியாக இருந்தன. ஏழெட்டு நிமிடமே ஓடும் கார்ட்டூனுக்கு நடைமுறையில் இருந்தது அந்த ஒரே சிலை. அதுவும் பென்சிலையே தொடாதவர் கைக்குப் போய்விட்டால், படத்தைச் செய்தவருக்கு மிச்சம் என்ன?

ஜோன்ஸ் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இயக்குனர் என்றதும் நாற்காலியில் உட்கார்ந்து ‘ஆக்‌ஷன்’ சொல்பவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். கார்ட்டூன் இயக்குனரின் வேலையே வேறு.

1912இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர் அவர். அப்பா ஒவ்வொரு புதுத் தொழில் தொடங்கும்போதும் கம்பெனிப் பெயர் அச்சடித்த தாளும் பென்சிலும் கட்டுக்கட்டாக வாங்குவாராம். தொழில் படுத்துவிட்டால் அவ்வளவும் பிள்ளைகளுக்கு. வீட்டில் படம் வரையத் தாளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை என்று ஜோன்ஸ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஷுனார்ட் கலைப் பள்ளியில் படித்துவிட்டு, 1933இல் லியோன் ஷ்லெசிங்கரின் கார்ட்டூன் ஸ்டுடியோவில் சேர்ந்தார். 1938இல் முதல் படத்தை இயக்கினார். ஆரம்பப் படங்கள் அழகாக இருக்கும், ஆனால் மெதுவாக நகரும். டிஸ்னியின் நிழல் அவற்றில் நன்றாகவே தெரியும். 1942இல் வந்த ‘தி டோவர் பாய்ஸ்’ படத்தில்தான் அவர் அதிலிருந்து விடுபட்டார். பாத்திரங்கள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஒரே இழுப்பில் தாவின. 1944இல் ஷ்லெசிங்கர் ஸ்டுடியோவை வார்னர் பிரதர்ஸுக்கு விற்றார். பொறுப்பு செல்சரிடம் வந்தது.

அங்கே ஒரு படம் உருவாகும் விதம் இதுதான். கதாசிரியர் மைக்கேல் மால்டீஸும் ஜோன்ஸும் சேர்ந்து கதையைப் பிடிப்பார்கள். அப்புறம் படத்தின் முக்கியமான நிலைகள் அனைத்தையும் ஜோன்ஸே வரைவார்: புருவம் எவ்வளவு ஏற வேண்டும், காது எப்போது தொங்க வேண்டும் என்பதுவரை. ஒரு படத்துக்கு இப்படி நூற்றுக்கணக்கான ஓவியங்கள். பிறகு எக்ஸ்போஷர் ஷீட் என்ற அட்டவணையில், எந்த ஓவியம் எத்தனை ஃப்ரேம் (ஃபிலிமின் தனிப்படம்) திரையில் நிற்க வேண்டும் என்று எண்ணி எழுதுவார். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். கூடுதலாக வரைந்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்ற வசதியெல்லாம் வார்னர் பட்ஜெட்டில் கிடையாது. படத்தொகுப்பு முழுவதும் அனிமேட்டர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, இயக்குனரின் மேசையில் முடிந்துவிடும்.

ரோட் ரன்னர் என்ற பறவையைத் துரத்தும், ஓநாய் போன்ற கயோட்டி மலை உச்சியிலிருந்து விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கிறோம், அது சின்னப் புள்ளியாகி மறைகிறது, கொஞ்சம் கழித்துக் கீழே புழுதி கிளம்புகிறது. மறைவதற்கு 18 ஃப்ரேம், மறைந்த பிறகு புழுதி கிளம்ப 14 ஃப்ரேம் என்று ஜோன்ஸ் கணக்கு வைத்திருந்தார். 13 ஆனாலும் 15 ஆனாலும் சிரிப்பு வராது என்பார். ஒரு ஃப்ரேம் என்பது ஒரு நொடியில் 24இல் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் இருக்கிறது அவருடைய கலை. விழுவதற்கு முன்னால் கயோட்டி நம்மைத் திரும்பி ஒரு பார்வை பார்க்குமே, அந்தப் பார்வையும் அவர் வரைந்து கொடுத்ததுதான்.

விருது வாங்கிய ‘ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ்’ படத்தையே பார்ப்போம். காதல் பித்துப் பிடித்த பெப்பே லெ ப்யூ என்ற ஸ்கங்க் (நாற்றம் வீசும் விலங்கு) ஒரு பூனையைத் துரத்துகிறது. விருப்பமில்லாதவளை விடாமல் துரத்துவதை இன்று பார்க்கும்போது நெருடுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் ஜோன்ஸின் மிகச் சிறந்த படம் இது இல்லை. ஆனால் பூனை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். அது பேசுவது நமக்குக் கேட்காது. ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறாய் என்று பெப்பே கேட்க, நாற்றம் தாங்கவில்லை என்பதைப் பூனை முகத்தாலும் கையாலும் சொல்கிறது. பெப்பேயின் முகம் தொங்கிப்போகிறது. வசனம் இல்லாமல், சில நொடிகளில், இரண்டு பாத்திரங்களின் மனசும் தெரிந்துவிடுகிறது. படத்தின் கடைசியில் துரத்துகிறவரும் ஓடுகிறவரும் இடம் மாறிவிடுகிறார்கள். இதையெல்லாம் வரிக்கு வரி தீர்மானித்தவர் ஜோன்ஸ்.

செல்சருக்கோ இந்தப் பாத்திரமே பிடிக்கவில்லை, யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்று ஜோன்ஸ் பதிவு செய்திருக்கிறார். இன்னொரு சம்பவமும் சொல்வார். ஒரு நாள் செல்சர் அறை வாசலில் வந்து நின்று, காளைச் சண்டையில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, அந்தப் படமெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதுவரை ஜோன்ஸுக்கும் மால்டீஸுக்கும் காளைச் சண்டை பற்றிய யோசனையே இல்லை. செல்சர் வேண்டாம் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று உடனே உட்கார்ந்து எழுதியதுதான் 1953இல் வந்த ‘புல்லி ஃபார் பக்ஸ்’. செல்சர் தரப்புக் கதை வேறாக இருக்கலாம். சம்பளத்துக்கும் பட்ஜெட்டுக்கும் யாராவது பொறுப்பேற்கத்தான் வேண்டும். அந்த வேலையைச் செய்தவரின் பெயரை நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜோன்ஸ் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது இல்லை இது. வார்னரிலேயே ‘ட்வீட்டி பை’, ‘ஸ்பீடி கொன்சாலஸ்’, ‘பேர்ட்ஸ் அனானிமஸ்’ மூன்றையும் இயக்கியவர் ஃப்ரிஸ் ஃப்ரெலெங். மூன்றும் செல்சர் பெயரில் இருக்கின்றன. பக்ஸ் பன்னி என்ற முயலுக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் ‘நைட்டி நைட் பக்ஸ்’. அதுவும் ஃப்ரெலெங் படம். பதிவில் இருப்பவர் தயாரிப்பாளர் ஜான் பர்ட்டன். ‘டாம் அண்ட் ஜெர்ரி’ பார்த்து வளர்ந்த எங்களுக்கு, படம் தொடங்கும்போது சுழித்துச் சுழித்து எழுதி வரும் ஃப்ரெட் குவிம்பி என்ற பெயர் மனப்பாடம். அந்தப் பூனையும் எலியும் வாங்கிய ஏழு ஆஸ்கரும் அவருக்கே. வில்லியம் ஹன்னா, ஜோசஃப் பார்பெரா இருவரும் இயக்கி, அவர்கள் கையில் ஒன்றுகூட வரவில்லை. 1956ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் இன்னும் விசித்திரம்: மூன்று கார்ட்டூன்களும் யூபிஏ என்ற அனிமேஷன் நிறுவனத்துடையவை, மூன்றுக்கும் தயாரிப்பாளர் ஸ்டீஃபன் பொசஸ்டோ. உறையைப் பிரிப்பதற்கு முன்பே யார் மேடையேறுவார் என்பது தெரிந்துபோன போட்டி அது.

ஜோன்ஸுக்குப் போட்டியில் சொந்தமாக ஒரு சிலை எப்போது கிடைத்தது? வார்னரை விட்டு வெளியே வந்து, 1965இல் ‘தி டாட் அண்ட் தி லைன்’ படத்தை எடுத்தபோது. அந்தப் படத்துக்கு அவரே லெஸ் கோல்ட்மனோடு சேர்ந்து தயாரிப்பாளர். அதே கை, அதே கண். கூடுதலாகச் சேர்ந்தது தயாரிப்பாளர் என்ற சொல் மட்டும். 1996இல் நீங்கள் கௌரவ ஆஸ்கர் கொடுத்தீர்கள். 83 வயதில் அவர் அதை வாங்கியது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் கௌரவ விருது வேறு, ஜெயித்த படத்துக்குப் பக்கத்தில் பெயர் இருப்பது வேறு. இன்னொரு கார்ட்டூன் இயக்குனரான டெக்ஸ் ஏவரி 1980இலும் ஃப்ரெலெங் 1995இலும் போய்விட்டார்கள். ஜோன்ஸும் 2002இல் காலமானார்.

உங்கள் பரிந்துரைப் பட்டியலில் இடமே பெறாத படங்களைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. ‘டக் அமக்’, ‘ஒன் ஃப்ராகி ஈவ்னிங்’, ‘வாட்ஸ் ஓபரா, டாக்?’ மூன்றுமே பரிந்துரைக்கப்படவில்லை. பின்னாளில் மூன்றும் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தன. மூன்றில் முதலில், 1992இல், அந்தப் பெருமையைப் பெற்றது ‘வாட்ஸ் ஓபரா, டாக்?’. ரசனை மாறும், தீர்ப்பு தவறலாம். நான் கேட்பது நீங்களே ஜெயித்ததாக அறிவித்த படங்களைப் பற்றி மட்டும்.

பழைய பதிவைத் தொடக் கூடாது என்று சிலர் சொல்லக்கூடும். நீங்களே தொட்டிருக்கிறீர்கள். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ திரைக்கதைக்கான விருது முதலில் நாவலாசிரியர் பியர் பூல் பெயரில் மட்டும் இருந்தது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கறுப்புப் பட்டியலில், அதாவது கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஹாலிவுட் வேலை தர மறுத்தவர்களின் பட்டியலில், இருந்தவர்கள். அவர்கள் இறந்த பிறகு, 1985இல், அவர்கள் குடும்பத்தாரிடம் சிலைகளைக் கொடுத்தீர்கள். ‘ரோமன் ஹாலிடே’ கதைக்கான விருதை 1993இல், அதே பட்டியலில் இருந்த டால்டன் ட்ரம்போவின் மனைவியிடம் கொடுத்தீர்கள். அது அரசியல் பழிவாங்கலின் கதை, இதைவிடப் பல மடங்கு கொடுமையானது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் பதிவேட்டைத் திருத்த முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இங்கே சாட்சி தேடி அலைய வேண்டியதும் இல்லை. படத்தின் டைட்டில் கார்டிலேயே சார்ல்ஸ் எம். ஜோன்ஸ் இயக்கம் என்று எழுதியிருக்கிறது. இப்போதைய உங்கள் விதியும் குறும்பட அனிமேஷன் விருதை இயக்கியவருக்குத்தான் முதலில் தருகிறது. கதாசிரியர் மால்டீஸ், இசையமைத்த கார்ல் ஸ்டாலிங், குரல் கொடுத்த மெல் பிளாங்க் ஆகியோரையும் சேர்க்க வேண்டாமா என்றால், தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் இன்றைய விதியின்படியே உரிமை உள்ளவர்களிலிருந்து தொடங்குங்கள்.

புதிய சிலை வேண்டாம், மேடை வேண்டாம், யாரிடமிருந்தும் எதையும் திரும்ப வாங்க வேண்டாம். முதல் கார்ட்டூன் விருது வாங்கிய ‘ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ படத்திலிருந்து தொடங்கி, தயாரிப்பாளர் பெயர் மட்டுமே உள்ள ஒவ்வொரு வரியிலும் ‘இயக்கம்’ என்று ஒரு சொல்லும் அதன் பக்கத்தில் உரியவரின் பெயரும் சேருங்கள். அந்தப் படத்தில் பர்ட் ஜில்லெட் பெயர் வரும். 1949இல் சக் ஜோன்ஸ் பெயர் இரண்டு முறை வரும். ஆளுநர் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஓர் அனிமேஷன் ரசிகர்